புது லேப்டாப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு லேப்டாப்களின் விவரங்களையும் பார்த்தேன். இரண்டிலும் ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், கழற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. "நைனா வேண்டாம் என்றுதான் சொல்வார்" என்று தம்பியிடம் சொன்னாயாமே! சொல்லமாட்டேன்.

குடியாத்தம் கடைக்குப் பழுதாகி வரும் கணினிகளில் ரேம் சிப் செத்துப்போனது அபூர்வம். தொல்லையெல்லாம் ரேமைச் சொருகும் ஸ்லாட்டில்தான்: தூசி, ஈரம், சரியாக உட்காராத ரேம். கழற்றி, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் பல கணினிகள் எழுந்துவிடும். இதற்கும் காசு வாங்குகிறேன் என்பது வேறு விஷயம். சால்டர் செய்த ரேமில் அந்தத் தொல்லை இல்லை. காட்பாடியிலிருந்து புனே வரை ரயிலில் குலுங்கினாலும் நகராது. இப்படிச் சால்டர் செய்வது கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி மட்டும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இப்படிப் பொருத்தும் எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்னழுத்தத்தில் மிக வேகமாக ஓடுவது. பிராசஸரை ஒட்டியே இருந்தால்தான் சிக்னல் கெடாது. பேட்டரி நீடிப்பதற்கும் அது ஒரு காரணம்.

ஆனால் அந்த ஒரு சிப் போனால் போர்டே போனது போலத்தான். சென்னை ரிச்சி தெருவில் சூடான காற்று அடித்து மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அது அவரவர் கைராசி. ஆகவே வாரண்டியை நீட்டித்து வாங்கு.

எனக்குக் கவலை பழுதில் இல்லை, அளவில். நீ செயற்கைக்கோள் படங்களை வைத்து வேலை செய்கிறவள். ரேம் போதாவிட்டால் கணினி, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை ரேம் போல எழுதி அழித்துக்கொண்டே இருக்கும். வேகமும் போகும், எஸ்எஸ்டியும் தேயும். ஆப்பிள் 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரை 8 ஜிபியிலிருந்துதான் விற்றது. பிறகு 16 ஆக்கியது. முன்பு 8 வாங்கியவர்கள் அதோடுதான் காலம் தள்ள வேண்டும். மண்டபம் பிடித்த பிறகு விருந்தாளிகளைக் கூட்டிய கதை!

நீ 16 ஜிபியும் ஒரு டெராபைட் எஸ்எஸ்டியும் குறித்திருக்கிறாய். அதை மாற்று. 32 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். எஸ்எஸ்டி கழற்றக்கூடிய எம்.2 வகைதானா என்று கேட்டுக்கொள். அதைப் பிறகு நானே பெரிதாக்கித் தருவேன். ஆய்வுப் படங்களை வெளி டிஸ்கிலும் ஒரு பிரதி வை.

32 கிடைக்காவிட்டால், கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் ஸ்லாட் உள்ளதையே வாங்கு. திருகு போட்டு மாட்டும் கேம்2 என்ற வகை ரேமுக்கு 2023 டிசம்பரில் ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு தரம் வகுத்தது. வேகமும் உண்டு, மாற்றவும் முடியும். ஆனால் அது உள்ள லேப்டாப்கள் இன்னும் குறைவு, அதற்காகக் காத்திருக்காதே.

கூடுதல் பணத்துக்குத் தயங்காதே. கல்யாணப் பத்திரிகை வேலை நன்றாக ஓடுகிறது, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் மாடல் எண்ணை மட்டும் முழுதாக எழுதி அனுப்பு. ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் இல்லாததும் விற்கிறார்கள்.

அன்புடன்,
நைனா