தர்மபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.ங்களுக்கு: திபெத் பத்தி ஒரு கேள்வி கேளுங்க

எம்.பி. ரெண்டு பேருக்கும் வணக்கம்ங்க.

மாங்கா ரேட்டு, மொரப்பூர் ரயில்னு உங்களுக்கு மனு வந்துட்டேதான் இருக்கும், இது வேற. குளிர் காலத்துல ஓசூர்ல ஸ்வெட்டர் கடை போடுற திபெத்துக்காரங்கள பாத்திருப்பீங்க (நம்மாளுங்க பாதி பேரு நேபாளின்னே நெனச்சு பேரம் பேசுறோம்). 1959ல தலாய் லாமா தப்பிச்சு வந்தாரே, அதையொட்டி வந்தவங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. கர்நாடகாவுல பைலகுப்பேயிலயும் கொள்ளேகால் பக்கம் ஒடையார்பாளையாவுலயும் மடம் கட்டி நிம்மதியா கும்பிடுறாங்க, ஆனா சீனா கையில இருக்குற அவங்க சொந்த ஊர்ல தலாய் லாமா போட்டோ வச்சிருந்தாலே ஜெயிலுக்கு போக வேண்டி வரும்.

1995 மே 14ல கெதுன் சோக்கி நிமான்னு ஆறு வயசு பையன பஞ்சன் லாமாவோட (திபெத் பௌத்தத்துல தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குரு) மறுபிறவின்னு தலாய் லாமா அறிவிச்சாரு. மூணே நாள்ல சீன அரசாங்கம் பையனையும் குடும்பத்தையும் கொண்டு போயிடுச்சு, அப்புறம் வெளியாளு யாரும் பாக்கல, அந்த எடத்துல வேற பையன அவங்களே உக்கார வச்சுட்டாங்க. 2020ல சீனாகிட்ட கேட்டப்போ காலேஜ் முடிச்சு வேலையில இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு பதில் வந்துச்சு. சரிங்க, ஒரு போட்டோவாவது காட்டலாம்ல?

2007ல சீனாவுல இன்னொரு கூத்து, லாமா மறுபிறவி எடுக்கணும்னா அரசாங்கத்துக்கிட்ட பர்மிஷன் வாங்கணும்னு சட்டம். சாமியே இல்லன்னு சொல்ற கட்சி போட்ட சட்டம்ங்க இது! நம்மூர் மாரியம்மன் திருவிழாவுல யாரு மேல சாமி வரணும்னு தாசில்தார் கையெழுத்து போடுவாருன்னு சொன்னா ஊரு சும்மா விடுமா?

2025 ஜூலையில தலாய் லாமாவுக்கு 90 வயசு ஆச்சு, அடுத்த தலாய் லாமாவ என்னோட டிரஸ்ட்தான் கண்டுபிடிக்கும்னு அவரு சொல்லிட்டாரு, எங்க ஒப்புதல் வேணும்னு சீனா நிக்குது. நம்ம வெளியுறவுத்துறை, மத நம்பிக்கையில நாங்க கருத்து சொல்றதில்லன்னு ஒதுங்கிடுச்சு. எல்லை பிரச்சன, வியாபாரம் எல்லாம் இருக்கு, புரியுது. நம்ம நாட்டுலயும் இந்த விஷயத்துல எல்லாம் சுத்தம்னு நான் சொல்ல வரல. ஆனா காணாம போன ஒரு பையன் எங்கன்னு கேக்கறதுக்கு மறுபிறவிய நம்பணும்னு அவசியமே இல்லயே.

அதனால அடுத்த கூட்டத்தொடர்ல, இந்த பையன பத்தி சீனாகிட்ட எப்ப கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு ரெண்டு பேருல ஒருத்தராவது எழுத்துல கேள்வி குடுங்க. அமைச்சர் பதில தமிழ்ல போடுங்க, சாக்கு போக்கு சொல்லியிருந்தாலும் பரவால்ல, அப்படியே போடுங்க.