சண்டை கேம்ல பொம்பிளையளுக்கு மட்டும் ஏன் இந்த உடுப்பு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கூல் லீவு வந்தா கொழும்பில வீடியோ கேம் சுற்றுப்போட்டியளும் வந்திடும், வெண்ட பெடியளின்ர படம் பேப்பர்லயும் வரும், நல்ல விஷயம்தான். 2023ல ஹாங்சோவில நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில ஸ்ட்ரீட் பைட்டர் 5 எண்ட சண்டை கேமுக்கு பதக்கமே குடுத்தவை, இனி இதை வெட்டி வேலை எண்டு சொல்லேலாது. ஆனா ஸ்கிரீன்ல பொம்பிளையள எப்பிடிக் காட்டினம், அதுக்கு முன்னால விளையாட வந்து இருக்கிற பிள்ளையள எப்பிடி நடத்தினம் எண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்ல, அதான் எழுதுறன்.

நான் சின்ன வயசில இருந்தே பைட்டிங் கேம் விளையாடுற ஆள். 1991ல வந்த ஸ்ட்ரீட் பைட்டர் 2ல நாங்க தெரிவு செய்யக்கூடிய எட்டுப் பேரில சுன்-லி ஒருத்திதான் பொம்பிளை, அடுத்த வருசம் வந்த மோர்ட்டல் கொம்பாட்ல ஏழு பேரில சோன்யா ஒருத்தி. எண்டாலும் சுன்-லி இண்டர்போல் பொலிஸ், தகப்பனைக் கொலை செய்தவனைத் தேடி வாறவ, அவவை எடுத்து வெல்லுறது எங்களுக்கு ஒரு பெருமை. பிறகு 1996ல டெட் ஓர் அலைவ் வந்திச்சு. பொம்பிளையளின்ர மார்பு குலுங்கிறதையே அந்த கேமின்ர அடையாளமா ஆக்கிவிட்டவை, பிறகு வந்த பாகங்கள்ல அதைக் கூட்டிக் குறைக்க செட்டிங் வேற. 2003ல அதே ஆக்களுக்கு பிகினி போட்டு கடற்கரையில வொலிபோல் விளையாட விட்டு அதையும் தனி கேமா வித்தவை. எனக்கு ஆத்திரம் வாறது ஏனெண்டா அது உண்மையிலயே நல்ல சண்டை கேம், எதிராளி அடிக்க வாற நேரம் பாத்து கையைப் பிடிச்சுத் திருப்பிற முறையெல்லாம் அவ்வளவு திறமா செய்திருக்கினம், கசுமி எண்டவ ஒரு நிஞ்சா, ஆனா கேமரா அவவின்ர அடியைப் பாக்காம உடம்பைத்தான் பாக்குது.

இதைச் சொன்னா உடன ஒரு பதில் வரும், ஆம்பிளையளும் சட்டை இல்லாமத்தானே நிக்கினம், ஸ்ட்ரீட் பைட்டர்ல வாற மல்யுத்தக்காரர் சங்கீஃப் ஜட்டியோட நிக்கேல்லையா எண்டு. நிக்கிறார்தான். ஆனா அவர் வெண்டாப் பிறகு கேமரா அவரின்ர நெஞ்சில ஊர்ந்து போறேல்ல. அவரைப் பாக்கிற பெடியன் இந்த மாதிரி பலம் எனக்கும் வேணும் எண்டு நினைக்கத்தான் அவரை வரைஞ்சிருக்கினம், கசுமியை வரைஞ்சதும் அதே பெடியனுக்காகத்தான், ஆனா அவன் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு இருக்கிறதுக்காக.

இது படத்தோட நிக்கிற விஷயமும் இல்ல. 2012ல ஸ்ட்ரீட் பைட்டரைச் செய்யிற கப்கொம் கொம்பனி ஸ்ட்ரீட் பைட்டர் எக்ஸ் டெக்கன் கேமுக்காக நேரலையா ஒரு போட்டி நடத்தினது, அதில ஒரு டீமின்ர கோச் தன்ர டீமில விளையாடின பொம்பிளையையே எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க உடம்பைப் பற்றி அசிங்கமாக் கதைச்சு கடைசியில அவ போட்டியை விட்டே போக வேண்டி வந்திச்சு. கேட்டதுக்கு அவர் சொன்னது, பாலியல் தொந்தரவு இந்த கேம் கலாசாரத்தில ஒரு பகுதியாம். பிறகு மன்னிப்புக் கேட்டவர், ஆனா போட்டியை விட்டுப் போனது அவதான்.

இங்கயும் அதேதான் நடக்குது. என்ர மச்சாளின்ர மகள் ஏஎல் படிக்கிறவ, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கேம் கடைக்குப் போனா அவ எந்த கேரக்டரை எடுத்தாலும் பின்னால நிண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் மாறி மாறி கொமெண்ட் அடிக்கினம், ஸ்கிரீன்ல இருக்கிறவவைச் சொல்லுறமாதிரி தொடங்கி இவவிலதான் வந்து முடியும், இப்ப ஒன்லைன்ல பெடியன் பேர்ல மைக்கை ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் விளையாடுறா. கடைக்காரர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். பஸ்ஸில நிண்டு அதே கதையைக் கதைச்சா தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில குற்றம், வார்த்தையால செய்தாலும் குற்றம்தான், கேம் கடைக்கு அது பொருந்தாது எண்டு ஒரு இடத்திலயும் எழுதியில்ல.

மாத்தேலாது எண்டும் சொல்லேலாது. 2019ல மோர்ட்டல் கொம்பாட் 11ல பொம்பிளையளுக்கு சண்டைக்குப் போற உடுப்புக் குடுத்தவை, 2023ல ஸ்ட்ரீட் பைட்டர் 6ல கமி எண்ட பொம்பிளை கேரக்டர் முந்தின மாதிரி இல்லாம நீளக் கால்சட்டை, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தா, கொஞ்சப் பேர் கத்தினவை, கேம் மில்லியன் கணக்கில வித்தது. அதே 2019ல ஈவோ ஜப்பான் எண்ட சண்டை கேம் போட்டியில டெட் ஓர் அலைவ் 6ஐ ஆபாசமாக் காட்டினதும் நடத்தினவையே நேரலையை நிப்பாட்டினவை.

கொழும்பில போட்டி நடத்துறவையிட்ட நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்ல. ஸ்டேஜில போடுற கேம்ல எந்த உடுப்பு எடுக்கலாம் எண்டு முதலே சொல்லுங்கோ, குலுங்கிற செட்டிங்கை ஓஃப் பண்ணுங்கோ, வாயால தொந்தரவு செய்யிறவனை அந்த மட்ச்சிலயே வெளியில அனுப்புறது எண்டு விதியில எழுதுங்கோ, முறைப்பாடு குடுக்க ஒரு பொம்பிளையை அங்க இருத்துங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு கேம் வாங்கிக் குடுக்கிற தாய் தகப்பனும் பெட்டியில போட்டிருக்கிற வயசை ஒருக்கா வாசிச்சுப் பாத்திட்டு வாங்குங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.