குறைந்தபட்சம், அதிகபட்சம்: அறிக்கையில் நேர்ந்த பிழை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பும் கோப்புகளிலிருந்து நாங்கள் தயாரித்த சென்ற மாத அறிக்கையில் உங்களில் சிலருக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று நாங்கள் போட்டிருந்த எண்கள் தவறானவை. மன்னிக்க வேண்டும். திருத்திய அறிக்கை இந்த மடலோடு வருகிறது. எண்ணை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க எங்களுக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் உங்களில் பலர் சொந்தமாக ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்குக் கட்டளைகளை வரிசையாகக் கொடுக்கும் சிறு நிரல்) எழுதுகிறவர்கள், நாங்கள் விழுந்த அதே பள்ளம் உங்கள் ஸ்கிரிப்டிலும் இருக்கலாம்.

முதலில் கண்டுபிடித்தவர் உறைபதன அறையின் வெப்பநிலைப் பதிவுகளை அனுப்பும் ஒரு வாடிக்கையாளர். அவருடைய கோப்பில் -18.4, -19.1, -17.8 என்று எல்லா எண்களும் பூஜ்யத்துக்குக் கீழே. ஆனால் எங்கள் அறிக்கையில் அதிகபட்சம் 0 என்று இருந்தது. அறை 0 டிகிரிக்கு வந்திருந்தால் உள்ளே இருந்த சரக்கு என்ன ஆகியிருக்கும் என்று பதறிப்போய் போன் செய்தார். அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக் என்பது கோப்பை வரி வரியாகப் படித்துக் கணக்குப் போடும் ஒரு நிரல்மொழி. எங்கள் ஆக் ஸ்கிரிப்டில் 'மேக்ஸ்' என்ற மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) 0-வில் தொடங்கிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் 'இந்த எண் மேக்ஸைவிடப் பெரியதா' என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறோம். 0-வைவிடப் பெரிய எண் அந்தக் கோப்பில் ஒன்றுகூட இல்லை, அதனால் நாங்கள் போட்ட 0-வே கடைசிவரை நின்றுவிட்டது. தொடக்க மதிப்பே கொடுக்காமல் விட்டாலும் சரியாகியிருக்காது. மதிப்பு இல்லாத மாறியை எண்ணோடு ஒப்பிடும்போது ஆக் அதை 0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். எல்லாம் நேர் எண்களாக இருக்கும் கோப்பில் குறைந்தபட்சத்துக்கும் இதே கதிதான்.

சிலர் குறைந்தபட்சத்துக்கு 999999 மாதிரி ஒரு பெரிய எண்ணைத் தொடக்கத்தில் போட்டு வைப்பார்கள். என்றைக்காவது எல்லா எண்களும் அதையும் தாண்டிய கோப்பு ஒன்று வரும். கோப்பில் கண்ணில் படும் முதல் எண்ணையே சிறியதாகவும் பெரியதாகவும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஒப்பிட்டுப் போவதுதான் சரியான வழி. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதை 'வரி எண் 1 என்றால் தொடங்கு' என்று எழுதுவார்கள். முதல் வரி தலைப்பு வரியாக இருந்தால் அந்தத் தலைப்பே தொடக்க மதிப்பாகிவிடும். சரி, தலைப்பைத் தாண்டச் சொல்வோம் என்று அதற்கு மேலே ஒரு நிபந்தனை போட்டால், 1-ஆம் வரி அந்தப் பகுதிக்கு வரவே வராது, தொடக்கமும் நடக்காது. அதனால் நாங்கள் இப்போது வரி எண்ணை நம்புவதில்லை, 'இதுவரை ஓர் எண்ணாவது பார்த்தோமா' என்பதற்குத் தனியாக ஒரு மாறி வைத்திருக்கிறோம்.

அடுத்தது, இணையதள சர்வர்களின் லாக் (பதிவு) கோப்பு அனுப்புகிறவர்களுக்கு நடந்தது. பதிலளிக்க எடுத்த நேரம், மில்லிசெகண்டில். ஏழு வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்: 45, 98, 310, 1204, 87, 512, 9. இதை வரிகளை அடுக்கித் தரும் சார்ட் கட்டளைக்கு அப்படியே கொடுத்தால் 1204, 310, 45, 512, 87, 9, 98 என்று அடுக்கும். அகராதி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குவதால் 1-இல் தொடங்கும் 1204 எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடுகிறது. ஹெட் கட்டளை வைத்து முதல் வரியை எடுத்தால் குறைந்தபட்சம் 1204, டெயில் கட்டளை வைத்துக் கடைசி வரியை எடுத்தால் அதிகபட்சம் 98! குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடப் பெரிதாக இருக்கும் அறிக்கையை யாரும் ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம், நாங்கள் பார்க்கவில்லை.

எண்ணாகப் பார்த்து அடுக்க சார்ட்டில் '-என்' போட வேண்டும். அது இல்லாமல் போனதுதான் பிழை. ஆனால் அதைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். காலி வரியையும் எண்ணில் தொடங்காத தலைப்பு வரியையும் அது 0 என்று கணக்கில் எடுக்கும், அதனால் நேர் எண்கள் மட்டுமே உள்ள கோப்பில் முதல் வரியாக ஒரு வெற்று வரிதான் வந்து நிற்கும். 1.2இ3 என்று அறிவியல் முறையில் எழுதிய 1200-ஐ வெறும் 1.2 என்று படிக்கும், அதற்கு குனூ சார்ட்டில் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சார்ட்) '-ஜி' தேவை. 850கே, 2எம் என்று அலகோடு வரும் கோப்பு அளவுகளுக்கு '-எச்'. நடுவில் கமா போட்ட 1,250 இருக்கிறதே, அதுதான் ரொம்ப ஆபத்து. ஆக் அதை எண்ணாக மாற்றும்போது கமாவோடு நின்றுவிடும், கையில் கிடைப்பது 1. எந்த எச்சரிக்கையும் வராது.

பாஷில் (ஷெல்லின் ஒரு வகை) நேரடியாக லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) போட்டு எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒற்றைச் சதுர அடைப்புக்குள் > போட்டு ஒப்பிட்டால் அங்கே ஒப்பீடே நடக்காது, ஷெல் அதை 'வெளியீட்டைக் கோப்பில் எழுது' என்று புரிந்துகொள்ளும். மாறியை 100-ஓடு ஒப்பிட்டிருந்தால், 100 என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு உங்கள் டைரக்டரியில் முளைத்திருக்கும், நிபந்தனையும் எப்போதும் உண்மை என்றே போகும். எங்கள் பழைய டைரக்டரி ஒன்றில் இப்படி எண்களைப் பெயராகக் கொண்ட காலிக் கோப்புகள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் இதையும் கண்டுபிடித்தோம். 'பெரியதா' என்று கேட்க '-ஜிடி' போட வேண்டும், அதுவும் முழு எண்ணுக்கு மட்டும்தான், பாஷுக்குத் தசமம் தெரியாது. இன்னொன்று, கோப்பை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் வழி) வழியாக வைல் லூப்புக்குள் அனுப்பினால் அந்த லூப் தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனிப் பிரதியில், ஓடும். உள்ளே அழகாகக் கண்டுபிடித்த மேக்ஸ், லூப் முடிந்ததும் காணாமல் போகும். கோப்பை லூப்பின் முடிவில் < போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எங்களைக் கேட்டால் இந்த வேலைக்கு பாஷ் லூப்பே வேண்டாம், ஆக் போதும். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கியது, வரி வரியாகப் படித்துக் கணக்குப் போடத்தான் அது இருக்கிறது. பெரிய கோப்புகளில் சார்ட்டைவிடவும் அதுவே மேல். ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க முழுக் கோப்பையும் அடுக்க வேண்டியதில்லை, மெமரி போதாமல் சார்ட் தற்காலிகக் கோப்புகளை எழுதி டிஸ்க்கை நிரப்புவதும் இருக்காது.

இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். லட்சம் வரிகளில் ஒரு வரி கெட்டுப்போனால் சராசரி பெரும்பாலும் லேசாகத்தான் அசையும். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் அப்படி இல்லை. இரண்டும் தலா ஒரே ஒரு வரியிலிருந்து வருகின்றன, அந்த வரி கெட்டதாக இருந்தால் விடையே கெட்டது. போதாக்குறைக்கு, கெட்ட வரிகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் போய் நிற்கும்: சென்சார் செயலிழந்தால் சில கருவிகள் எழுதும் -999, பாதியில் அறுந்த எண், தவறிப்போன தசமப் புள்ளி. கோப்பில் உள்ள அழுக்கு முழுவதும் நேராக இந்த இரண்டு கட்டங்களுக்குத்தான் வந்து சேருகிறது.

ஆகவே இனி எங்கள் அறிக்கையில் எண் மட்டும் தனியாக வராது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அந்த முழு வரியில் என்ன இருந்தது என்று மூன்றும் பக்கத்திலேயே இருக்கும். அதிகபட்சம் 1204 என்றால் நீங்களே அந்த வரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கணக்கில் எடுக்கும் ஒவ்வொரு புலமும் (வரியில் உள்ள ஒரு மதிப்பின் இடம்) எண் வடிவில் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் சோதிக்கும், இல்லாவிட்டால் ஒதுக்கிவிட்டு, எத்தனை வரிகளை ஒதுக்கினோம் என்று கீழே சொல்லும். கோப்பில் எண்ணே இல்லை என்றால் 0 என்று போடாமல் 'எண் இல்லை' என்றே எழுதும். அப்புறம், குனூ டேட்டாமேஷ் என்ற கணக்குப் போடும் கட்டளை கொண்டும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். எண் இல்லாத புலம் வந்தால் அது 0 என்று விழுங்காமல் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும், அந்தக் கறார்தான் எங்களுக்குப் பிடித்தது.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறோம். உங்கள் கருவியோ மென்பொருளோ 'மதிப்பு இல்லை' என்பதை எப்படி எழுதுகிறது, -999 என்றா, கோடு போட்டா, காலியாக விட்டா என்று ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். கோப்பின் முதல் பத்து வரிகளையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. -999 என்பது பார்வைக்கு ஒழுங்கான எண்தான், எங்கள் சோதனை அதை ஒதுக்காது, நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.