"செம ப்ரோ"ன்னு மட்டும் சொல்லாதீங்க: சவுண்ட் எஞ்சினியர் அண்ணன் அக்காக்களுக்கு ஒரு திறந்த மடல்

மிக்ஸிங் தெரிஞ்ச அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நாங்க திருச்சியில நாலு பேர். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாட்டு. பேஸ் வாசிக்கிறது நான், ரெக்கார்ட் ஆனதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து மிக்ஸ் பண்றதும் நான்தான், ஏன்னா லேப்டாப் என்னோடது, வேற தகுதி எதுவும் கிடையாது. ரெக்கார்டிங் எங்க வீட்டு மாடி ரூம்ல. பத்துக்குப் பத்து, தரையில டைல்ஸ், மூணு பக்கம் வெறும் சுவர், ஒரு பக்கம் பீரோ. மைக்கை லேப்டாப்போட சேர்க்குற இன்டர்ஃபேஸ்ல ரெண்டே இன்புட், அதனால டிரம்ஸுக்கு ரெண்டு மைக்தான், ஒண்ணு மேல தொங்குது, ஒண்ணு கிக் டிரம் முன்னாடி. ஃபேன் சத்தம் மைக்ல ஏறுதுன்னு ஃபேனை நிறுத்திட்டு ஏப்ரல் மாசத்துல பாட வெச்சோம், எட்டாவது டேக்ல பாடுறவன் சட்டையைக் கழட்டிட்டான், ஒம்பதாவது டேக் நல்லா வந்துட்டிருக்கும்போது பக்கத்து வீட்டு குக்கர் விசிலடிச்சுச்சு, உங்களுக்கு வந்தது பத்தாவது டேக்.

அதை மிக்ஸ் பண்ணி உங்கள்ல ஒரு பதினஞ்சு பேருக்கு அனுப்பினேன். பாதிப் பேர் "செம ப்ரோ". சில பேர் நெருப்பு எமோஜி, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் தெரியல. ஒருத்தர் "கிளூ இல்லையேப்பா"ன்னார், பாட்டுல என்ன பசை, கிளூன்னா என்னண்ணான்னு கேட்டா "அது அனுபவத்துல வரும்". ஒருத்தர் கோர்ஸ் ஃபீஸ் விவரம் அனுப்பினார். இன்னொருத்தர் நல்ல மானிட்டர் (மிக்ஸ் பண்றதுக்கான ஸ்பீக்கர்) இல்லாம மிக்ஸ் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டு ரெண்டு மாடல் பேரும் சொன்னார், விலையைப் பாத்தேன், எங்க டிரம்மர் பைக்கை வித்தாலும் ஒரு பக்க ஸ்பீக்கர்தான் வரும்.

தப்பு எங்க மேலயும் இருக்கு, ஒத்துக்கிறேன். "எப்படி இருக்குண்ணா"ன்னுதான் கேட்டேன். பந்தியில இருந்து எந்திரிச்சு கை கழுவுறவர்கிட்ட சாப்பாடு எப்படின்னு கேட்டா அவர் வேற என்ன சொல்வார், சாம்பார்ல உப்பு கம்மின்னா சொல்வார்? அதுபோக சத்தமா இருந்தா உங்களுக்குப் புடிக்கும்னு மாஸ்டர்ல, அதாவது மொத்தப் பாட்டு மேல, உச்ச சத்தத்தை அமுக்குற லிமிட்டரைப் போட்டு நசுக்கு நசுக்குன்னு நசுக்கி அனுப்பினேன், ஸ்னேர் டிரம் அடிச்சா அடி கேக்காது, சப்புன்னு ஒரு சத்தம் மட்டும். ஸ்பாட்டிஃபை மாதிரி இடத்துல எவ்வளவு கத்தினாலும் சுமார் -14 லஃப்ஸுக்கு (பாட்டோட சத்தத்தை அளக்குற அலகு) இறக்கிதான் போடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, இறக்கினப்புறம் நசுங்கினது மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பதினஞ்சுல ஒரு அக்கா மட்டும் ரெண்டு வரி எழுதினாங்க. "1:12ல கிட்டார் ரெண்டும் உள்ள வந்ததும் குரல் பின்னாடி போயிடுது. குரலை ஏத்தாத தம்பி, கிட்டாரை 2.5 கிலோஹெர்ட்ஸ் கிட்ட மூணு டெசிபல் இறக்கிப் பாரு." அவ்வளவுதான். அதாவது குரல் தெளிவாக் கேக்குற அந்தப் பகுதியில மட்டும் கிட்டாரைக் குறைக்கணும். நான் அதுவரைக்கும் குரலை ஏத்துவேன், உடனே கிட்டார்காரன் என்னைக் காணோம்பான், கிட்டாரை ஏத்துவேன், இப்படியே ஏத்தி ஏத்தி மாஸ்டர்ல சிவப்பு லைட் அணையவே இல்ல. அக்கா சொன்னதைச் செஞ்சு பாத்தேன், கிட்டார் கம்மியான மாதிரியே தெரியல, ஆனா குரல் ஒரு அடி முன்னாடி வந்து நின்னுச்சு.

அடுத்து அவங்க கேட்டதுதான் முக்கியம். "கார்ல போட்டா பேஸ்ல ஒரு நோட்டு மட்டும் குமுகுமுன்னு அதிருது, நீ ரூம்ல எங்க உக்காந்து மிக்ஸ் பண்ற?" நடுவுலக்கா, ஃபேனுக்குக் கீழன்னேன். சிரிக்கிற எமோஜி வந்துச்சு (அந்த எமோஜிக்கு அர்த்தம் இருந்துச்சு). அந்த நோட்டை லூப்ல போட்டுட்டு ரூம் முழுக்க நடந்து பாருன்னாங்க. போட்டேன். சேர்ல உக்காந்தா பேஸ் எங்கயோ கீழ் வீட்ல வாசிக்கிற மாதிரி இருக்கு, எந்திரிச்சு மூலைக்குப் போனா பீரோ கைப்பிடி கிடுகிடுன்னு ஆடுது. அதே நோட்டு, அதே வால்யூம்.

காரணம் ரொம்ப சிம்பிள். பத்தடின்னா மூணு மீட்டர் சொச்சம், சத்தம் செகண்டுக்கு சுமார் 345 மீட்டர் போகும், அதை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 56, 57 ஹெர்ட்ஸ் வருது. அந்த அலை எதிரெதிர் சுவருக்கு நடுவுலயே நிக்கும், சுவர் ஓரம் வீங்கும், நடுவுல ஒண்ணுமே இருக்காது. எங்க ரூம் அகலமும் பத்து, உயரமும் கிட்டத்தட்ட பத்து, அதனால மூணு பக்கமும் ஒரே ஹெர்ட்ஸ்ல கூட்டணி. பேஸோட ஏ ஸ்ட்ரிங்கை சும்மா மீட்டினா 55 ஹெர்ட்ஸ். எங்க பாட்டு ஏ மைனர். நான் ஒண்ணுமே கேக்காத அந்த நடு ஓட்டையில உக்காந்துகிட்டு பேஸ் பத்தல பத்தலன்னு ஏத்தியிருக்கேன்.

இப்ப சொல்லுங்க, அந்த அண்ணன் சொன்ன மானிட்டரை வாங்கி அதே சேர்ல உக்காந்திருந்தா அந்த ஓட்டை எங்க போயிருக்கும்? டேபிளை ஸ்பீக்கரோட நகத்தி, முன் சுவர்ல இருந்து நாலடிக்கு உள்ள தலை வர்ற மாதிரி உக்காந்தேன், பேஸை மட்டும் ஹெட்ஃபோன்லயும் ஒருவாட்டி பாத்துக்கிறேன். செலவு பூஜ்யம்.

எங்கப்பாவும் ஒரு ஃபீட்பேக் குடுத்தார், "ஏன்டா அவன் பக்கத்து வீட்டு பாத்ரூம்ல நின்னு பாடுறான்?" குரல்ல போட்டிருந்த ரிவர்பை, அதாவது எதிரொலி எஃபெக்டை, பாதியாக் குறைச்சேன். அவருக்கு ரிவர்ப்ங்கிற வார்த்தையே தெரியாது, ஆனா கேட்டதைக் கேட்ட மாதிரி சொன்னார். உங்ககிட்டயும் அதைத்தான் கேக்குறேன். எந்த இடத்துல, என்ன உறுத்துது, எதுல கேட்டீங்க, இவ்வளவு போதும். போன் ஸ்பீக்கர்ல கேட்டிருந்தா தாராளமாச் சொல்லுங்க, அதுல 55 ஹெர்ட்ஸ் வரவே வராது, "பேஸ் இல்ல"ன்னு நீங்க சொன்னா எனக்குப் புரியும்.

வாசிப்பே சரியில்லன்னா அதையும் சொல்லிடுங்க, ப்ளீஸ். பேஸும் கிக்கும் ஒட்டலன்னு ரெண்டு வாரம் ஈக்யூவை (எந்த ஹெர்ட்ஸ் கூட, எது கம்மின்னு மாத்துறது) திருகிட்டிருந்தேன், கடைசியில பாத்தா கோரஸ்ல நான் ஒவ்வொரு தடவையும் லேட்டா விழுறேன். இதைக் கண்டிப்பா பத்து பேராவது கேட்டிருப்பீங்க, சங்கடப்பட்டு சொல்லல. அப்புறம், ரஹ்மான் சாரே வீட்டுப் பின்னாடிதான் ஸ்டுடியோ வெச்சார்னு ஆறுதல் சொல்றதையும் விட்டுடலாம், 1989ல அவர் கட்டின பஞ்சதன் எங்க, எங்க பீரோ ரூம் எங்க.

எங்க பக்கம் இனிமே லிமிட்டர் இல்லாம, பீக் (உச்ச சத்தம்) -6 டெசிபல் தாண்டாம, 24 பிட் வேவ் ஃபைலா வரும். ஒப்பிட ஒரு ரெஃபரன்ஸ் பாட்டும் அதே சத்தத்துக்கு இறக்கி வெச்சிருப்பேன், ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லாருக்குன்னு காது ஏமாந்துடுது.

மூணாவது வெர்ஷன் நாளைக்கு ராத்திரி அனுப்புறேன். முழுசாக் கேக்க நேரம் இல்லன்னா 1:12ல கிட்டார் நுழையுற இடமும், 2:40ல பேஸ் தனியா வர்ற நாலு பாரும் மட்டும் கேளுங்க. அதுல முதல் நோட்டு ஏ. உங்க கார்ல அது இன்னும் குமுறுதான்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
மாடி ரூம் பேஸ்காரன்