வேளச்சேரி வீட்டுக்கு எந்த பேட்டரி?

பேராவூரணி

அன்புள்ள சேகர்,

அம்மா உன்னோடு வந்து இருக்கிறார்கள் என்று கேட்டதில் நிம்மதி. ஹாஸ்டல் சோற்றுக்குத் தப்பி உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்காமலே தட்டு வைத்தவர்கள். நான் விசாரித்ததாகச் சொல்லு. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்வெர்ட்டர் பேட்டரி கொட்டேஷன்களுக்கு அதிலேயே பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, பழைய பழக்கப்படி கடிதமாகவே இருக்கட்டும்.

இங்கே பெரிய செய்தி ஒன்றுமில்லை. கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன. விலை நன்றாக இருக்கிற நேரம் பார்த்து வெள்ளை ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது. மட்டையெல்லாம் கரி பூசியது போலக் கறுத்துக் கிடக்கிறது. சின்னவள் திருச்சியில் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

இனி உன் விஷயம். கொட்டேஷன் கொடுத்த எல்லோரும் எத்தனை ஏ.ஹெச். (பேட்டரியின் கொள்ளளவு) வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் என்ன ஓடப்போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மாவின் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின்) பற்றி நீயாகச் சொன்ன பிறகும் "அதெல்லாம் தாங்கும் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. உன் வீட்டில் முடிவைத் தீர்மானிக்கப்போவது அந்த மெஷின் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஃபேனும் லைட்டும்.

கணக்கைப் பார். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி (ஆசிட் இருக்கிற ஈய பேட்டரி), 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-ஹவர், இ.பி. கணக்கில் 1.8 யூனிட். ஆனால் இது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற அளவு. வேகமாக இழுத்தால் குறையும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அடி வரை சுரண்டினால் பேட்டரியின் ஆயுள் போகும். ஆக, நடைமுறையில் கைக்கு வருவது 1100, 1200 வாட்-ஹவர். உன் வீட்டில் பழைய ஃபேன் 2 (ஒன்றுக்கு 75 வாட்ஸ்), 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு 4, வைஃபை ரூட்டர் எல்லாம் சேர்த்து 200 வாட்ஸுக்குள் அடங்கும். 6 மணி நேரம் வரை ஓடும். இதே ஃபேன்களை பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட்ஸ்தான். அதே பேட்டரி 10 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார். அவர் விற்பது பேட்டரி.

இப்போது அம்மாவின் மெஷினைச் சேர். பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பார்த்துச் சொல். நிமிஷத்துக்கு 5 லிட்டர் கொடுக்கிற மெஷின் என்றால் பெரும்பாலும் 350 வாட்ஸ் பக்கத்தில் இருக்கும். டாக்டர் 2 லிட்டர் வைக்கச் சொல்லியிருந்தாலும் உள்ளே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கரண்ட் பெரிதாகக் குறையாது. மொத்தம் 550 வாட்ஸ். 150 ஏ.ஹெச். பேட்டரி 2 மணி நேரத்தில் படுத்துவிடும். அதுவும் புதிதாக இருக்கும்போது. "தாங்கும் சார்" என்பதன் லட்சணம் இது.

லித்தியமா, டியூபுலரா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டில் டியூபுலர்தான். பட்டுக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த எலக்ட்ரீஷியனுக்கும் கைவந்த வேலை, செத்த பிறகும் ஈயத்துக்காக எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை மிதவையைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் போதும். ஆனால் நான் இருப்பது மேட்டு நிலம். நீ இருப்பது வேளச்சேரியில், அதுவும் தரைத்தளத்தில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது உன் வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நீ அனுப்பிய வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு சேர்த்து 50, 60 கிலோ. டிராலியில் வைத்துத் தரையில்தான் நிறுத்த முடியும். அவசரத்துக்கு நீயும் நானும் சேர்ந்தாலும் பரணில் ஏற்ற முடியாது, நம் இடுப்பு லட்சணத்துக்கு. 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி (12.8 வோல்ட்) ஏறக்குறைய 12, 13 கிலோதான். நெஞ்சு உயரத்தில் சுவரில் ஆங்கிள் அடித்து வைத்துவிடலாம். கொள்ளளவு கேட்க 1280 வாட்-ஹவர்தான், ஆனால் பெரும்பகுதியைக் கவலைப்படாமல் இறக்கலாம் என்பதால் கைக்கு வருவது 150 ஏ.ஹெச். டியூபுலரோடு கிட்டத்தட்டச் சமம். எனவே உனக்கு லித்தியம்தான். ஆயுள் கூடுதல், தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதெல்லாம் அப்புறம். முதல் காரணம் வெள்ளம்.

வாங்கும்போது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதானா என்று கேட்டுக்கொள். சூட்டைத் தாங்குவதில் அது மற்ற லித்தியம் வகைகளைவிடப் பத்திரமானது. இன்னொன்று. லித்தியம் 3, 4 மணி நேரத்தில் சார்ஜ் ஆகும் என்று கடையில் சொல்வார்கள். இன்வெர்ட்டரில் இருக்கிற சார்ஜர் 30 ஆம்பியர் கொடுத்தால் ஆகும். வீட்டில் இருக்கிற பழைய இன்வெர்ட்டரோடு மாட்டினால் அது 10, 15 ஆம்பியர்தான் கொடுக்கும், டியூபுலர் போலவே இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும். தவிர, ஈய பேட்டரிக்கான சார்ஜிங் அளவு லித்தியத்துக்குச் சரிவராது. இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று நீயே பட்டனை அழுத்திப் பார்த்து வாங்கு. பியூர் சைன் வேவ் (இ.பி. கரண்ட் போலவே கொடுக்கிற) இன்வெர்ட்டர் கட்டாயம். ஸ்கொயர் வேவ் என்றால் ஃபேன் உறுமும் என்பதோடு போகாது, அந்த கம்ப்ரஸருக்கும் ஆகாது.

லித்தியத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. டியூபுலரில் சார்ஜ் தீரும் முன் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டுத்தான் நிற்கும். லித்தியத்தில் வோல்டேஜ் கடைசி வரை ஒரே மாதிரி நின்றுவிட்டு, உள்ளே பேட்டரியைக் காக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் பட்டென்று துண்டித்துவிடும். பாதி ராத்திரியில் மெஷின் நின்றால் யார் எழுந்து பார்ப்பது? சதவீதம் காட்டுகிற டிஸ்ப்ளே உள்ளதாக வாங்கி, அம்மாவின் அறைக்கு வெளியே தெரிகிற மாதிரி வை.

என் யோசனை இதுதான். 12 வோல்ட் வேண்டாம். 24 வோல்ட் இன்வெர்ட்டரும் 25.6 வோல்ட், 100 ஏ.ஹெச். லித்தியமும் போடு. கையில் 2000 வாட்-ஹவருக்கு மேல் நிற்கும். ஃபேனையும் மாற்றிவிட்டால் மெஷினோடு சேர்த்து 4 மணி நேரம் வரும். செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் இதையே 10 மணி நேரமாக்குகிறேன் என்று இன்னும் பெரிய பேட்டரிக்குப் போகாதே. அந்தக் காசில் ஒரு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கி வை. அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும், ஒரு வாட்ஸ் கரண்ட் இல்லாமல். எந்த அளவில் வைப்பது என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள். ஷட்டவுன் அன்றைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிற அன்றைக்கும் பேட்டரி. புயலுக்கு சிலிண்டர். புயலையே பேட்டரியில் தாண்டலாம் என்று நினைக்காதே. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் ஒரு லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் இன்வெர்ட்டர் முதல் ராத்திரியோடு சரி. அப்புறம் வாரக்கணக்கில் அது ஒரு ஸ்டூல். ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாக வந்து, காசு வாங்கிக்கொண்டு மாடித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாடியில் 330 வாட்ஸ் பேனல் 2 போட்டு பேட்டரியை வெயிலில் சார்ஜ் ஆக வைத்தேன். நல்ல வெயில் என்றால் ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட் வரும்.

உன் மச்சினர் சொன்ன சோலார் வேறு. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருவது உண்மைதான். ஆனால் அது லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார். லைனில் கரண்ட் இல்லையென்றால் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனின் உயிருக்காக அதுவும் தானாக நின்றுவிடும். கொளுத்துகிற வெயிலில் மாடி நிறைய பேனலோடு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பேட்டரியோடு வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அந்த பேட்டரிக்கு மானியம் கிடையாது. அதோடு உங்களுடையது அபார்ட்மென்ட். மொட்டை மாடி யாருக்கு என்ற சண்டை முடிந்த பிறகு பேசலாம்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதே. வெள்ளம் வந்தால் இ.பி.காரர்கள் லைனை நிறுத்திவிடுவார்கள், நாமும் கரண்ட்தான் இல்லையே என்று தண்ணீரில் நடப்போம். ஆனால் உன் இன்வெர்ட்டர் அப்போதும் பிளக் பாயிண்டுக்கு 230 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். தண்ணீர் வாசல்படியைத் தொடுவதற்கு முன்பே இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றச் சொல்லிக் கொடு. தங்கச்சிக்கும் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நீ மட்டும் வீட்டில் இருப்பாய் என்று என்ன நிச்சயம். இன்வெர்ட்டர் லைன் எடுக்கும்போது நியூட்ரலை ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வழியாகவே கொண்டுபோகச் சொல். கண்ட இடத்தில் முடிச்சுப் போட்டால் காரணமே தெரியாமல் டிரிப் ஆகிக்கொண்டிருக்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால் பேட்டரிக்கு முன் அதை மாட்டு.

முதல் கொட்டேஷனில் "வாரண்டி 60 மாதம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, கீழே பொடி எழுத்தில் 36+24 என்று இருக்கிறது பார். முதல் 36 மாதத்துக்குள் போனால் புதுசு தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் போனால் புது பேட்டரி விலையில் ஏதோ தள்ளுபடி, அதுவும் அன்றைய விலையில். லித்தியத்துக்கு எத்தனை வருஷம் என்பதோடு, சர்வீஸ் சென்டர் சென்னையிலேயே இருக்கிறதா என்றும் கேள்.

ஐப்பசி அடைமழைக்கு முன் மாட்டிவிடு. மழை தொடங்கியபின் எலக்ட்ரீஷியன் போனை எடுக்க மாட்டார். மெஷின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து இன்வெர்ட்டர் எத்தனை வி.ஏ. (அதன் திறன்) என்பதைச் சொல்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா? இங்கே மெஷினை ஓட்ட வழி இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
முத்து

பி.கு.: உன் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் வெறும் 1000 ரூபாய்க்கு எடுக்கிறேன் என்றால் கொடுக்காதே. எடை போட்டு, அன்றைய ஈய விலையை விசாரித்துக்கொண்டு பேசு.