ஆண்டு மட்டும் போதாது, எந்த அச்சு என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நூல்களைப் பற்றிய செய்திகளில் வெளியான ஆண்டையும் விலையையும் மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. பங்குச்சந்தையைக் கேலி செய்யும் பழைய புத்தகங்களைத் தேடிச் சேர்க்கும் புதியவர்கள் இதை நம்பிப் பணத்தை இழக்கிறார்கள்.

பிரெட் ஷ்வெட் எழுதி, பீட்டர் ஆர்னோவின் கேலிச்சித்திரங்களோடு நியூயார்க்கில் 1940-இல் வெளிவந்த ‘வேர் ஆர் தி கஸ்டமர்ஸ் யாட்ஸ்?’ (வாடிக்கையாளர்களின் உல்லாசப் படகுகள் எங்கே?) நூலைப் பாருங்கள். 1955-இல் மறுபதிப்பு வந்தது. அதன்பிறகும் பலமுறை அச்சாகியிருக்கிறது. பதிப்புரிமை ஆண்டு 1940 என்ற வரி மறுபதிப்பிலும் இருக்கும் என்பதால் அதை வைத்து முதல் அச்சு என்று முடிவுகட்ட முடியாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது மேலுறை, அதாவது அட்டையின் மேல் போர்த்தியிருக்கும் காகித உறை. அக்கால அமெரிக்க நூல்களில் மதிப்பின் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. விலை அச்சிட்ட மூலை கத்தரிக்கப்பட்டிருந்தால் மதிப்பு குறையும். நகல் மேலுறையைப் போர்த்தி விற்பவர்களும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் சித்திரக் கோட்டைப் பார்த்தால், பழைய அச்சில் மை ஒரே சீராக இருக்கும். கணினி நகலில் பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரியும்.

இன்னும் கவனம் தேவைப்படுவது, இங்கிலாந்தின் தென்கடல் கம்பெனி, பிரான்சின் மிசிசிப்பி கம்பெனி ஆகியவற்றின் பங்குகள் சரிந்தபோது ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘ஹெட் க்ரோட்டே டாஃபரேல்’ என்ற கேலிச்சித்திரத் தொகுப்பு. தலைப்புப் பக்கத்தில் 1720 என்றிருந்தாலும் பின்னாளில் அச்சிட்ட பிரதிகளும் அதே ஆண்டைத்தான் தாங்கி நிற்கின்றன. பிரதிக்குப் பிரதி படங்களின் எண்ணிக்கையும் வரிசையும் மாறும். எனவே ‘முழுமையானது’ என்ற விற்பனையாளரின் சொல்லை ஏற்காமல், நூலகப் பட்டியல் ஒன்றோடு ஒவ்வொரு படத்தையும் ஒப்பிட வேண்டும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. இடைவெளியில் நீளக் கோடுகள் தெரிய வேண்டும். கோடே இல்லாத தாள் அந்த ஆண்டைச் சேர்ந்ததல்ல. படத்தை அச்சிட்ட செப்புத்தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும். பெரிய படங்கள் மடித்து வைக்கப்பட்டவை, ஆகவே கிழிசல் மடிப்பில்தான் தொடங்கும். பின்புறம் ஒட்டுப்போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது நல்லது.

வாங்கிய பிறகு செய்யும் கேடுகளும் குறைவல்ல. செலோடேப் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. பிவிசி உறை மையை உரித்தெடுக்கும். பாலியெஸ்டர் உறையே சரி. இந்த வகை நூல்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: முன்பு வைத்திருந்தவர்கள் பங்கு விலைப் பட்டியலைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி நடுவே செருகியிருப்பார்கள். அந்தத் தாளின் அமிலம் இரு பக்கத்திலும் அதே அளவில் பழுப்புக் கட்டமாக விழுந்திருக்கும். அந்தச் செய்தித்தாள் துண்டை எறிந்துவிடாமல், அது இருந்த பக்க எண்ணைக் குறித்து அமிலமற்ற உறையில் தனியே வையுங்கள். அந்தப் பிரதி யாரிடம், எந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு அதுவே தடயம். அறையின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் பெருகாது.

இனிப் பழைய நூலின் விலையை வெளியிடும்போது எத்தனையாவது அச்சு, மேலுறை உண்டா, படங்கள் எத்தனை என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழநூல் சேகரிக்கும் வாசகர்