பெப்ரவரியில் வா

அன்பின் சிநேகிதிக்கு,

இலை சிவந்த மேப்பிள் மரத்துக்குக் கீழே நீ சால்வையைப் போர்த்துக்கொண்டு நிற்கிற படம் கிடைத்தது. நல்ல வடிவு. ஆனால் கூடவே எழுதியிருந்தாயே, "உங்களுக்கென்ன, வருஷம் முழுக்க ஒரே பச்சைதானே" என்று, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவைச் சாட்டி ஒவ்வொரு முறையும் ஓகஸ்டில் வந்து, கொழும்பில், வெள்ளவத்தையில் இரண்டு இரவு படுத்தெழும்பிவிட்டு யாழ்ப்பாண பஸ் ஏறுகிறவளுக்கு என் முற்றத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஓகஸ்ட்தான் இங்கே அழுமூஞ்சி மாதம். மே மாதம் தொடங்கிய தென்மேற்குக் காற்று அப்போதும் ஓயாது, கடல் உப்பை அள்ளிவந்து செவ்வரத்தை இலையின் ஓரமெல்லாம் கருக்கிவிடும். அதைவிடப் பெரிய கரைச்சல் வடக்குப் பக்கத்து வளவில் எழும்பிய எட்டு மாடி ஃபிளாட். வெயில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, வடக்கில் என்ன எழும்பினால் எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். ஏப்ரல் முதல் கிழமை கொழும்பில் சூரியன் உச்சிக்கு நேரே வரும், பிறகு வடக்கே போய்விட்டு செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்ப உச்சிக்கு வரும் என்று பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் ஒரே வாங்கிலிருந்து படித்தோமே, அது எனக்கு விளங்கியது இந்த ஃபிளாட் வந்த பிறகுதான். ஜூனில் நடுமத்தியானத்தில்கூட அதன் நிழல் மதிலைத் தாண்டி ஐந்து மீற்றர் என் பக்கம் கிடக்கிறது. ரோஜா பூக்க மறந்து கம்பு கம்பாக நெட்டைக்கு வளர்கிறது. செப்டம்பரில் நிழல் மெல்ல மெல்ல மதிலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கும். அதுதான் எனக்கு வசந்தம்.

இப்போது ஒக்டோபர். மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை. முந்தநாள் காலையில் கதவைத் திறந்தால், வெங்காயத்தாள் மாதிரிக் கிடந்த இடத்தில் முப்பது நாற்பது மழை லில்லி, ரோஸ் நிறத்தில். மழை விழுந்து மூன்று நான்கு நாளில் வந்துவிடும், இரண்டு நாளில் துவண்டுவிடும். இவர் படம் எடுக்கிறேன் என்று கமராவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாதி போய்விட்டது.

போகன்வில்லா மட்டும் இப்போது ஒரே பச்சைக் காடு. மழைத் தண்ணி குடித்தால் அது இலைதான் விடும். ஜனவரியில் மழை குறைந்ததும் நானும் தண்ணியை நிறுத்திவிடுவேன், இலை சோர்ந்து தொங்குமட்டும் விட்டு, பிறகு ஒரு வாளி ஊற்றினால், கொஞ்ச நாளில் மதில் தெரியாமல் ஊதாவும் செம்மஞ்சளும் மூடிவிடும். ஒன்று தெரியுமோ? அந்த நிறமெல்லாம் இதழ் இல்லை, இலைதான். பூ என்பது நடுவில் தீக்குச்சித் தலை அளவுக்கு வெள்ளையாக இருப்பது. ஆக, உன் மேப்பிளிலும் நிறம் இலைக்குத்தான், என் போகன்வில்லாவிலும் இலைக்குத்தான், என்னுடையது மட்டும் விழுகிறதற்காகச் சிவப்பதில்லை.

மற்றது, சாடிகளுக்குக் கீழே இருந்த தட்டெல்லாவற்றிலும் மணல் நிரப்பிவிட்டேன். 2017இல் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. யாரோ ஆசையாகத் தந்த புரொமீலியாட் செடியைக்கூடக் கொடுத்துவிட்டேன், அதன் இலைக் கிண்ணத்துக்குள் எப்போதும் தண்ணி, அதற்குள் நெளிகிற நுளம்புக் குடம்பிகளை மாமி பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார்.

துலிப் கிழங்கு கொண்டுவரட்டோ என்று கேட்டாய். வேண்டாம் பிள்ளை. அது பூக்க மூன்று மாதமாவது குளிரில் கிடக்க வேணும், என் ஃப்ரிட்ஜில் மாமியின் கண்ணில் பட்டால் வெங்காயமென்று உரித்துவிடுவார். கட்டுநாயக்காவில் செடி கிழங்குக்கு அனுமதிப் பத்திரமும் கேட்பார்கள்.

சும்மா வா, ஆனால் பெப்ரவரியில் வா. கடற்கரைப் பக்கத்துக் கொட்டம்பா மரங்களும் அந்த நேரம்தான் இலை சிவந்து கொட்டும். மார்ச் வரை நின்றாயென்றால் ரோபரோசியா மரங்கள் பூத்து றோட்டெல்லாம் ரோஸாகக் கிடக்கிறதையும் பார்க்கலாம். டிக்கெட் போட்டவுடன் நாளைச் சொல்லு, அதைக் கணக்குப் பண்ணித்தான் போகன்வில்லாவுக்குத் தண்ணியை நிறுத்த வேணும்.

அன்புடன்,
உன் வாங்குத் தோழி